கூட வந்த ஆள்

பிரேமிளா சாமான் வாங்கப் புறப்பட்டாள் என்றால் அன்றைக்குக் கடைக்காரருக்குத்தான் கெட்ட காலம். மீன் வேண்டுமென்றால் காலையில் போக மாட்டாள். பரந்தன் சந்தியில் மீன்பெட்டிக்காரன் ஐஸ் கரைந்து, விற்றுத் துலைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்று நிற்கிற மத்தியானத்தில்தான் போவாள். மரக்கறி என்றால் சந்தைக்குள் ஒரு சுற்றுச் சும்மா நடப்பாள். ஒன்றையும் தொட மாட்டாள். சட்டை என்றால் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாள், உள்ளே திருப்பித் தையலைத்தான் பார்ப்பாள். பிடித்த சாமானை முதலில் கையில் எடுக்கக் கூடாது. பிடிக்காத ஒன்றுக்கு விலை கேட்க வேண்டும். கடைக்காரன் யோசிக்கிற நேரத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இதையெல்லாம் மகள் மேனுகாவுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்து வந்தாள்.

"எங்க அம்மா எனக்குக் கச்சான் கடலை ஆயத்தான் கத்துக் குடுத்துச்சு. நான் ஒனக்குக் காசை மிச்சம் புடிக்கக் கத்துக் குடுக்கிறேன். எது புள்ள பெரிசு?" என்று கேட்பாள்.

"கச்சான்னா திங்கலாம்," என்பாள் மேனுகா. தாயும் மகளும் பஸ்ஸுக்குள்ளேயே சிரிப்பார்கள்.

தருமபுரத்துக்கு அங்கால், முல்லைத்தீவு ரோட்டிலிருந்து உள்ளே போகிற கிரவல் ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. பிரேமிளாவின் தாய் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். பிரேமிளா இங்கே பிறந்தவள். தேயிலைச் செடி எப்படியிருக்கும் என்று கேட்டால் பெட்டியில் போட்டிருக்கிற படத்தைத்தான் காட்டுவாள். ஆனாலும் பெற்றவர்களின் மலைநாட்டுப் பேச்சு அப்படியே நாக்கில் தங்கிவிட்டது. வயலில் புல்லுப் பிடுங்கும்போது அதனால் ஒரு நட்டமும் இல்லை. புல்லுக்கு யார் பேச்சும் ஒன்றுதான். புடவைக் கடைக்குள் போனால்தான் கதை வேறு.

ஒரு முறை, மேனுகா கைப்பிள்ளையாக இருந்தபோது, தம்பியின் கலியாணத்துக்குச் சாறி எடுக்கப் போயிருந்தாள். "அந்தப் பச்சைய எடுங்க அண்ணே, பாப்பம்" என்றாள். மேலே நீண்ட கை அப்படியே நின்றது. கடைக்காரன் அவளைக் காலிலிருந்து தலைவரை பார்த்தான். "அது உனக்குச் சரிவராது. கீழ கிடக்கிறதைப் பார்" என்றான். கீழே கிடந்ததைத்தான் எடுத்தாள். அடுத்து வந்த பெண்ணுக்கு அதே மாதிரிச் சாறியை, தன்னிடம் வாங்கியதில் அரைவாசி விலைக்கு அவன் கொடுத்ததையும் பார்த்துக்கொண்டே வெளியே வந்தாள்.

மேனுகா பள்ளிக்கூடம் போய், ரீச்சர்மாரோடும் சிநேகிதப் பிள்ளைகளோடும் பழகி, "ஓம்", "வாறன்", "எனக்குத் தெரியாதுங்கோ" என்று யாழ்ப்பாணப் பேச்சில் கதைக்கத் தொடங்கியபோது பிரேமிளா முதலில் கேலி பண்ணினாள். பிறகு ஒருநாள் செருப்புக் கடையில் அந்தப் பிள்ளை தலையைச் சரித்து, "அண்ணா, கடைசி விலை சொல்லுங்கோவன்" என்றது. கடைக்காரப் பெடியன் சிரித்துக்கொண்டு குறைத்தான். பிரேமிளாவுக்குப் பெரிய கதவொன்று திறந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து கடைக்குள் நுழைந்தால் அவள் வாய் திறப்பதில்லை.

"நீயே கதை புள்ள. நான் பின்னுக்கு நிக்கிறேன்."

"ஏம்மா, ஒங்களுக்கு வாய் இல்லியா?"

"என் வாய்க்கு விலை ஏறுது. ஒன் வாய்க்கு எறங்குது. அவ்வளவுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிள்ளை அதையும் மற்றப் பாடங்களோடு சேர்த்துப் படித்துக்கொண்டது. தான் எதைச் சொல்லிக் கொடுத்தோம் என்று பிரேமிளா யோசிக்கவில்லை.

மேனுகாவுக்குப் பதினைந்து வயதான வருடம் தீபாவளிக்கு முன்னமே மழை பிடித்துவிட்டது. காலபோக நெல் விதைப்பு நேரம். பிரேமிளா விடிந்தால் யாருடையவோ வயலில் வரம்பு கட்டப் போவாள்; பொழுதுபட்டால் காலிரண்டும் சேற்றில் ஊறி வெளிறிப்போய் வருவாள். புருசன் சதீஸ் பரந்தனில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். பக்கத்து ஊர்ச் சனம் பொங்கலுக்குத்தான் புதுச்சட்டை எடுக்கும். இவர்களுக்கு எது இல்லாவிட்டாலும் தீபாவளிக்கு உடம்பில் புதுத்துணி படவேண்டும். மேனுகாவுக்கு ஒரு சுரிதார், சதீஸுக்கு ஒரு சேட் என்று முடிவாகி, தாயும் மகளும் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினார்கள். தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று பிரேமிளா சொல்லிவிட்டாள். வருடா வருடம் சொல்வதுதான்.

மூன்று கடை ஏறி இறங்கினார்கள். நாலாவது கடை புதிது. கண்ணாடி அலுமாரி, தரையில் மினுங்குகிற மாபிள். காசு போடுகிற லாச்சிக்குப் பக்கத்தில் கடைக்காரி நேசமலர் இருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும், நெற்றி நிறையத் திருநீறு, நல்ல முகம். பிரேமிளா தன் சேற்றுக் காலைப் பார்த்துவிட்டு, வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த சாக்கிலேயே பையும் குடையுமாக நின்றுகொண்டாள்.

"வாரும் பிள்ளை, என்ன பாக்கிறீர்?"

"சுரிதார் அன்ரி. விலை கூடினது காட்டாதேங்கோ, பிறகு ஆசை வந்திடும்."

நேசமலர் சிரித்தாள். வேலைக்கு நிற்கிற பெட்டை ஒன்றிரண்டை விரித்துப் போட்டாள். மேனுகாவின் கண் ஒரு நீலத்தில் போய் நின்றதைப் பிரேமிளா கண்டாள். ஆனால் பிள்ளை நீலத்தைத் தொடவில்லை. ஒரு றோஸ் நிறத்தை எடுத்து விலை கேட்டாள், உள்ளே திருப்பித் தையலைப் பார்த்தாள், "இது ரெண்டு தரம் தோய்ச்சா இழுபட்டிடும் அன்ரி" என்று மடித்து வைத்தாள். பிறகு போகிற போக்கில் கேட்பதுபோல் நீலத்தைக் கேட்டாள். விலையைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் வாசலைப் பார்த்தாள். பிரேமிளாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தன் பிள்ளை என்று கடை முழுவதற்கும் கூவிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"நல்லா விலை பேசுறீர். எந்த இடம் பிள்ளை?" என்று நேசமலர் கேட்டாள்.

"தருமபுரம் பக்கம் அன்ரி."

"இப்ப இருக்கிற இடமில்லை. சொந்த இடம் எது?"

வன்னியில் இந்தக் கேள்வி யாரும் யாரிடமும் கேட்பதுதான். பதிலை வைத்து ஆளை எங்கே இருத்துவது என்று முடிவெடுத்துவிடுவார்கள். மேனுகாவின் குரல் கொஞ்சமும் தடுக்கவில்லை.

"யாழ்ப்பாணம், அளவெட்டி. அப்பப்பா ஆக்கள் குடியேற்றத் திட்டத்தில காணி குடுக்கேக்க வந்தவை."

"அட, நான் மல்லாகம். பக்கத்தில பக்கத்தில." நேசமலர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். "சாமத்தியவீடு ஏதுமோ?"

"ஓம் அன்ரி, சிநேகிதி ஒருத்தி பெரியபிள்ளை ஆயிட்டா."

"அம்மா வரேல்லையோ? இது ஆர் உம்மோட?"

மேனுகா திரும்பிப் பார்க்கவில்லை. நீலச் சுரிதாரின் கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அம்மாவுக்குக் காய்ச்சல். இவா எங்கட வீட்டில வேலைக்கு வாறவா. பை தூக்கக் கூட வந்தவா."

பிரேமிளா அந்த நேரம் செய்ததை நினைத்து நினைத்துப் பிறகு பல நாள் வெந்தாள். அவள் அரை அடி பின்னுக்குப் போனாள். வேலைக்காரி நிற்கிற இடம் எதுவோ, அந்த இடத்துக்கு அவளுடைய கால் தானாகவே போய் நின்றது. தலையும் கொஞ்சம் குனிந்துகொண்டது.

அதன் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. நேசமலர் பிள்ளையை ஸ்டூலில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். சுரிதாருக்கும் சேட்டுக்கும் பிரேமிளா கனவிலும் கேட்டிருக்க முடியாத அளவுக்குக் குறைத்தாள். காசை வாங்கி லாச்சிக்குள் போட்ட பிறகு, குனிந்து அடித்தட்டிலிருந்து ஒரு பிளவுஸ் துணியை இழுத்தாள். ஓரத்தில் மழைத்தண்ணி பட்ட கறை இருந்தது.

"இந்தா, நீயும் கொண்டு போ. தீபாவளியெல்லோ வருது. உங்கட ஆக்களுக்குப் பெரிய நாள்தானே."

கெட்ட மனதோடு கொடுக்கவில்லை; கொடுத்தவளின் முகத்தில் சந்தோசம்தான் இருந்தது. பிரேமிளா சாக்கை விட்டு இறங்கி, சேற்றுக்கால் மாபிளில் பட, இரண்டு கையாலும் வாங்கினாள்.

"நல்லா இருக்கணும்மா நீங்க," என்றாள்.

"பாவம், நல்லா வேலை செய்யுதுகள் இந்தச் சனம்," என்று நேசமலர் மேனுகாவிடம் சொன்னாள்.

"ஓம்," என்றாள் மேனுகா.

பஸ்ஸில் சனம் நெருக்கியது. மேனுகாவுக்கு யாரோ இடம் கொடுத்தார்கள். "எவ்வளவு மிச்சம் தெரியுமாம்மா" என்று அவள் கீழேயிருந்து மெல்லக் கேட்டாள். பிரேமிளா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ம்" என்றாள். மிச்சம்தான். இவ்வளவு மிச்சம் அவர்கள் ஒருநாளும் பிடித்ததில்லை.

வீட்டில் சதீஸ் குசினி வாசலில் இருந்து தேங்காய் ரொட்டியைக் கட்டச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். விலையைக் கேட்டுவிட்டு வாயில் போன ரொட்டியை மெல்ல மறந்துபோனான்.

"பொய் சொல்லாத. இந்தச் சேட்டு அந்த வெலைக்கா?"

"நம்ம மேனு பேசினா குடுப்பாங்கதானே," என்றாள் பிரேமிளா.

"எப்புடி புள்ள? சொல்லு, கேப்பம்."

மேனுகா எழும்பி நின்று நடித்தே காட்டினாள். றோஸ் நிறத்தை மடித்து வைத்தது, வாசலைப் பார்த்தது, அந்த அன்ரி கதிரையை இழுத்தது. சதீஸ் தொடையில் தட்டிச் சிரித்தான். "சொந்த ஊரு எதுன்னு கேட்டாங்கப்பா. அளவெட்டின்னு சொன்னேன்." அவன் இன்னும் சிரித்தான். "அடி கள்ளி. அப்புறம்?"

"அப்புறம், இது யாருன்னு…"

அந்த இடத்தில் மேனுகா நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. அப்போதுதான் அவள் தன்னுடைய சொல்லைத் தன் காதால் கேட்கிறாள் என்று பிரேமிளாவுக்குத் தெரிந்தது. பிள்ளையின் முகம் கறுத்துச் சிறுத்துப்போனது.

"யாருன்னு? யாரைக் கேட்டாங்க?" என்றான் சதீஸ்.

"அப்புறம் என்ன, குடுத்துட்டாங்க," என்றாள் பிரேமிளா. "தின்னுட்டுச் சேட்டைப் போட்டுப் பாருங்க."

சேட் கழுத்தில் இறுக்கியது. மாற்றித்தான் எடுக்கவேண்டும்.

மறுநாள் காலை பிரேமிளா தலை பின்னிவிடும்போது மேனுகா முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அம்மா, சேட்டு மாத்த நீங்களாப் போறீங்க?"

"ஒனக்குப் பள்ளிக்கூடம்தானே."

"அவங்ககிட்டச் சொல்லிருங்கம்மா. நான் ஒங்க புள்ளன்னு. நான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க. பரவால்ல." குரல் உடைந்தது. "அந்த அன்ரி சொன்னதுக்கு நான் ஏம்மா ஓம்னு சொன்னேன்?"

"விடு புள்ள. நான்தானே ஒன்னையக் கதைக்கச் சொன்னேன்."

"சொல்லிருவீங்களா?"

"சொல்றேன்."

சொல்லத்தான் போனாள். பஸ்ஸில் போகும்போது வாய்க்குள் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தாள். அன்னிக்கு வந்தது என் மகதாம்மா. நான்தாம்மா பெத்தவ. அந்தப் பிளவுஸ் துணியையும் மடித்துக் கொண்டுபோனாள், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று. இந்த முறை காலை நன்றாகக் கழுவியிருந்தாள்.

நேசமலர் முணுமுணுக்காமல் சேட்டை மாற்றிக் கொடுத்தாள். "அந்தப் பிள்ளையின்ர தாய்க்குக் காய்ச்சல் மாறிற்றுதோ?" என்று விசாரித்தாள். பிரேமிளா பைக்குள் கையை விட்டுத் துணியைப் பிடித்தாள்.

"அம்மா, அந்தப் புள்ள…"

"என்ன பிள்ளையடி அது. எனக்கும் ஒண்டு இருக்குது, நாலு பேருக்கு முன்னால வாய் திறக்கத் தெரியாது. அந்தப் பிள்ளையின்ர கதையும் மரியாதையும். நல்ல தாய் வளத்த பிள்ளை எண்டு முகத்திலயே எழுதிக் கிடக்குது." நேசமலர் உண்மையாகவே கண் மலர்ந்து சொன்னாள். "எங்கட பிள்ளையளைப் பாத்தாலே தெரியும்."

பிரேமிளாவின் வாயில் அந்த வார்த்தை வந்து நின்றது. அதைச் சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும். பச்சைச் சாறிக்கு நீண்ட கை பாதியில் நின்றதே, அதுபோல் இந்தக் கண்ணும் நிற்கும். பிறகு தன் பிள்ளையை ஒருதரம் காலிலிருந்து தலைவரை பார்க்கும்.

"ஆமாங்கம்மா," என்றாள். "அந்தம்மா நல்லாத்தான் வளத்திருக்காங்க."

துணி பைக்குள்ளேயே இருந்தது. ரோட்டுக்கு வந்த பிறகுதான் உடம்பு கூசத் தொடங்கியது. மகள் தாயை இல்லை என்றாள், அவள் குழந்தை. இவளுக்கு என்ன வந்தது?

மேனுகா பள்ளிக்கூடத்தால் வந்து பையை இறக்காமலே கேட்டாள். "சொல்லிட்டீங்களாம்மா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நல்ல தாய் வளத்த புள்ளன்னு சொன்னாங்க."

மேனுகா வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பிரேமிளா கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

அந்தப் பொய் அப்படியே கிடந்து மக்கிப்போகும் என்றுதான் நினைத்தாள். தீபாவளிக்கு முதல்நாள் ஆலை முதலாளி சதீஸுக்குக் கையில் கொஞ்சம் கூடக் கொடுத்துவிட்டான். மேனுகா அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, "அம்மாவுக்கு ஒரு சாறி" என்றாள்.

"எனக்கு எதுக்குப் புள்ள."

"இல்ல, எடுக்கிறோம். அந்த அன்ரி கடையிலதான் எடுக்கிறோம்."

பிரேமிளா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். பரந்தனில் விலை குறைவு என்றாள். மழை என்றாள். தலையிடி என்றாள். "அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, இனி என்னம்மா?" என்று மேனுகா குடையை எடுத்துக்கொண்டாள். வழி முழுக்க உண்மையைச் சொல்லப் பிரேமிளாவுக்கு இடமிருந்தது. பஸ்ஸுக்குள் சொல்லியிருக்கலாம், இறங்கி நடக்கும்போது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தரமும் வெட்கப்பட்டு மழையைப் பற்றித்தான் கதைத்தாள்.

கடைக்குள் சனம் நிறைந்திருந்தது. மேனுகா தாயின் கையைப் பிடித்து, வாசல் சாக்கில் நிற்க விடாமல், மாபிளில் நேரே லாச்சியடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அன்ரி, அண்டைக்கு நான் பொய் சொல்லிப்போட்டன். குறை நினைக்காதேங்கோ. அம்மா வந்து சொன்னவாதானே."

"எந்த அம்மா பிள்ளை?" நேசமலர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "உம்மட அம்மா இஞ்ச ஒருநாளும் வரேல்லையே."

"இவங்கதான் எங்க அம்மா," என்றாள் மேனுகா. வீட்டில் பேசுகிற பேச்சு தானாக வந்தது. அந்தக் கடைக்குள் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தரம்.

நேசமலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்படவில்லை. உண்மையாகவே விளங்காமல் பிரேமிளாவிடம் கேட்டாள்.

"சேட் மாத்த வரேக்க நீ ஒண்டும் சொல்லேல்லையே. அந்தம்மா நல்லா வளத்திருக்காங்க எண்டெல்லோ சொன்னனீ."

பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டு நின்றவர்கள் திரும்பினார்கள். மேனுகா பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிரேமிளா மாபிளைப் பார்த்தாள். அதில் அவளுடைய சேற்றுக்கால் தடம் வாசலிலிருந்து அங்குவரை வந்திருந்தது.

நேசமலருக்கும் என்னவோ போலாகிவிட்டது. ஸ்டூலை இழுத்து, "இருங்கோ" என்றாள். பிரேமிளா இருக்கவில்லை.

மேனுகா மேல்தட்டில் இருந்த ஒரு அரக்குச் சாறியைக் காட்டி எடுக்கச் சொன்னாள். தையலையும் பார்க்கவில்லை, வேறொன்றுக்கு விலையும் கேட்கவில்லை. சொன்ன விலையை எண்ணி வைத்தாள்.

"கொஞ்சம் குறைக்கிறன் பிள்ளை, பொறும்," என்றாள் நேசமலர்.

"வேணாங்க அன்ரி," என்றாள் மேனுகா.

பஸ் நிற்கிற இடத்தில் கடை ஒன்றின் தாழ்வாரத்துக்குள் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். மேனுகா ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஏம்மா சொல்லல?"

பயம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அன்றைக்கு இன்னொரு பொய்க்கு அவளிடம் தெம்பில்லை.

"அந்தம்மா ஒன்னையப் பாத்த பார்வை புள்ள. அப்புடி ஒரு பார்வை என்னைய ஒருத்தரும் பாத்ததில்ல. ஒனக்காவது இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்."

மேனுகா திரும்பித் தாயைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இருந்திருந்தால் பிரேமிளா தாங்கியிருப்பாள்.

"அவங்க பாத்தது ஒங்க புள்ளைய இல்லியேம்மா," என்றாள்.

முல்லைத்தீவு பஸ் வந்து, இருந்த சனத்தை ஏற்றிக்கொண்டு போனது. இருவரில் ஒருவரும் கை காட்டவில்லை.